சோயா மொச்சையும் கதிரடிக்கும் உருளையும்

கொங்கு நாட்டில் சோயா மொச்சை விளையும் நிலம் சொற்பம். ஆனால் சோயாவை நம்பி நடைபெறும் ஜீவனமோ மிகப் பெரிது. பல்லடத்தையும் உடுமலைப்பேட்டையையும் சூழ்ந்த கறிக்கோழிப் பண்ணைகளும், கிழக்கே நாமக்கல்லின் முட்டைக்கோழிப் பண்ணைகளும் நாள்தோறும் செலவிடும் தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளமும், அதற்கு அடுத்த பெரும் பங்காக எண்ணெய் எடுத்த சோயாப் புண்ணாக்கும் சேர்கின்றன. மக்காச்சோளத்தில் ஒரு பகுதியையாவது பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்திலும் மானாவாரிக் காடுகளிலும் நம்மவர்களே விளைவித்துக்கொள்ளுகிறார்கள். புண்ணாக்கோ பெரும்பாலும் மத்தியப் பிரதேசத்தின் மால்வா பீடபூமியிலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் வந்து இறங்குகிறது. 2021ஆம் ஆண்டில் அதன் விலை பண்ணைக்காரர்கள் தாங்கமுடியாத அளவுக்கு ஏறியபோது, மரபணு மாற்றிய சோயாவிலிருந்து எடுத்த புண்ணாக்கில் 12 லட்சம் டன்னை வெளிநாட்டிலிருந்து தருவித்துக்கொள்ள அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் மத்திய அரசு அனுமதி அளிக்கவேண்டியதாயிற்று. அத்தகைய நெருக்கடி மீண்டும் வாராது என்று சொல்வதற்கு யாதொரு ஆதாரமும் இல்லை.

இத்தனைக்கும் சோயா நமக்குப் புதிய பயிரன்று. கோயம்புத்தூரில் அமைந்த தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ 1, கோ 2, கோ (சோயா) 3 என்ற ரகங்களை வெளியிட்டிருக்கிறது. ஏறக்குறைய மூன்று மாதத்துக்குள் முற்றிவிடுவதும், வேர்முடிச்சுகளால் மண்ணுக்குத் தழைச்சத்தைச் சேர்ப்பதும், 40 சதவிகிதம் புரதமும் 20 சதவிகிதம் எண்ணெயும் அடங்கிய விதையைத் தருவதுமான இப்பயிர், கிணற்றுநீர் குறைந்துவரும் நம் தோட்டங்களுக்கு எவ்விதத்திலும் பொருந்தாதது அன்று. பின் ஏன் பரவவில்லை என்று கேட்டால், சந்தை அருகில் இல்லாமை, துரு நோய், விலையின் நிலையின்மை எனப் பல காரணங்கள் கூறப்படும். அவற்றோடு சமமாக வைத்து எண்ணத்தக்க, ஆனால் அதிகம் பேசப்படாத, இரண்டு காரணங்கள் உண்டு: முளைக்கும் திறனுள்ள விதை அடுத்த பட்டத்துக்குக் கிடைப்பது அரிதாயிருப்பது ஒன்று, அறுத்து அடிக்க ஆள் கிடைக்காமை மற்றொன்று. திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளின் வண்டிகள் விடியற்காலையில் கிராமம் கிராமமாக வந்து ஆட்களை ஏற்றிச் செல்லும் நாட்டில், குனிந்து அறுக்கும் வேலைக்கு ஆளை எதிர்பார்ப்பது நடக்கக்கூடிய காரியமாக இல்லை. ஆகவே யந்திரம் அவசியமாகிறது. யந்திரம் வந்தவுடனே, அது விதையை உடைப்பதால் அந்த முதற் காரணம் இன்னும் வலுவடைகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது, அறுவடை யந்திரத்தின் வயிற்றில் சுழலும் ஓர் இரும்பு உருளை. அந்த உருளையில் எத்தனை வகை உண்டு, அவற்றுள் எது சோயாவுக்குத் தகுந்தது, நம் பக்கத்து நிலங்களுக்கு எது கட்டுப்படியாகும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் விதையை நோக்குவோம். நெல்லுக்கு உமி என்ற உறுதியான கவசம் உண்டு. மக்காச்சோளத்தின் முளைக்கரு மணியின் அடிப்பகுதியில் மாவுப்பொருள் சூழப் பதிந்திருக்கிறது. சோயாவின் நிலை வேறு. அதன் விதைத்தோல் மெல்லியது. எடையில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. முளைவேராக வளரவேண்டிய தண்டோ அந்தத் தோலுக்கு நேர் உள்ளே, விதையின் விளிம்பை ஒட்டி, ஏறக்குறைய வெளியுலகை முட்டிக்கொண்டு கிடக்கிறது. எனவே வேறொரு தானியத்தில் தோல் உரசலோடு போய்விடக்கூடிய ஓர் அடி, சோயாவில் கருவையே நசுக்கிவிடுகிறது. இந்தச் சேதம் மூன்று படிகளில் நேர்கிறது: விதை இரண்டு பருப்பாகப் பிளந்துவிடுவது கண்ணுக்குத் தெரியும், தோலில் மட்டும் மயிரிழைபோல் வெடிப்புக் காண்பது கூர்ந்து பார்த்தால் தெரியும், தோல் சிறிதும் பழுதுபடாமல் உள்ளே கரு மாத்திரம் கன்றிப்போயிருப்பது எவ்வளவு பார்த்தாலும் தெரியாது. மூன்றாவதுதான் விவசாயியை ஏமாற்றுவது. மூட்டையில் பளபளவென்று இருந்த விதை, நிலத்தில் போட்ட பிறகு பாதி முளைக்கவில்லை என்றால், அவர் மழையையோ மண்ணையோ விதை விற்றவரையோ நொந்துகொள்ளுகிறார். குற்றம் நான்கு மாதத்துக்கு முன் ஓர் உருளையில் நடந்துவிட்டது என்பது அவருக்குத் தோன்றுவதில்லை.

நம் நாட்டு விதைச் சான்று விதிகள் சோயாவுக்குக் கேட்கும் முளைப்புத்திறன் 70 சதவிகிதம். நெல்லுக்குக் கேட்பது 80. இப்பயிரின் பலவீனத்தை விதிகளே ஒப்புக்கொண்டு இறங்கிவந்திருக்கின்றன என்று இதற்குப் பொருள். உஷ்ண பிரதேசத்தில் சாதாரண மூட்டையில் வைத்த சோயா விதை ஆறு எட்டு மாதங்களுக்குள் தன் ஜீவசக்தியைப் பெரிதும் இழந்துவிடுகிறது. அடிபட்ட விதையோ அதனினும் விரைவில் இழக்கிறது. ஹெக்டேருக்கு 70 கிலோ விதை என்ற கணக்கு 80 சதவிகித முளைப்புக்குச் சரியாக இருக்குமானால், 60 சதவிகிதத்துக்கு இறங்கிய விதையில் அதே பயிர் எண்ணிக்கையைப் பெற 93 கிலோ வேண்டும். விளைச்சலில் கணிசமான பங்கு மறு விதைப்புக்கே போய்விடும் பயிரில், விதைச் சேதம் நேரடியான நஷ்டம்.

இனி உருளையின் சரித்திரத்துக்கு வருவோம். ஸ்காத்லாந்து தேசத்து யந்திரத் தச்சரான ஆண்ட்ரூ மெய்க்கிள் 1786ஆம் ஆண்டை ஒட்டி அமைத்த கதிரடிக்கும் யந்திரத்தில், வேகமாகச் சுழலும் ஓர் உருளையின் மேல் பதித்த சட்டங்கள் கதிரை அடித்து மணியை உதிர்த்தன. அறுப்பதையும் அடிப்பதையும் ஒரே வண்டியில் சேர்க்கும் முயற்சிக்கு அமெரிக்காவின் மிச்சிகன் பிரதேசத்தில் ஹைரம் மூர் 1836இல் காப்புரிமை பெற்றார். இவர்கள் முன்னிருந்த பயிர் கோதுமை. இன்று பஞ்சாபிலிருந்து வரும் ‘டயர் வண்டி’ என்ற அறுவடை யந்திரம் வரையில் வழங்கும் பழைய முறை இவர்களுடைய சந்ததியே: அறுத்த பயிர் அகலவாட்டில் உருளைக்கு நேர் எதிராகச் சென்று, உருளைக்கும் அதன் கீழே வளைந்து கிடக்கும் சல்லடைக்கும் நடுவில் ஒரு கணம் மாத்திரம் அகப்பட்டு, பல் வரிந்த சட்டங்களால் அடியும் தேய்ப்பும் பெற்று, மறுபக்கம் வெளியேறுகிறது. பெரும்பகுதி மணி அந்த ஒரு கணத்தில் உதிர்ந்துவிடவேண்டும். எஞ்சியதை, வைக்கோலைக் குலுக்கிக் குலுக்கிப் பின்னுக்குத் தள்ளும் உதறித் தட்டுகள் மீட்டெடுக்கின்றன. வாய்ப்பு ஒன்றே ஆகையால் அடி பலமாயிருக்கவேண்டும் என்பது இம்முறையின் உள்ளார்ந்த நியதி.

சோயாவை முன்னிட்டு இந்த நியதியை மாற்ற நடந்த முயற்சிகளில், எனக்கு மிகவும் மதிக்கத்தக்கதாகத் தோன்றுவது 1935இல் அமெரிக்காவின் அல்லிஸ்–சால்மர்ஸ் கம்பெனி வெளியிட்ட ‘ஆல் கிராப்’ என்ற சிறு யந்திரம். டிராக்டருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் அந்த யந்திரம் 5 அடி அகலமே அறுக்கும். உருளையின் அகலமும் வெட்டும் அகலத்துக்கு ஏறக்குறைய ஒத்திருந்தபடியால் பயிர் திணிந்து நெருங்காமல் மெல்லிய படலமாக உள்ளே சென்றது. அதைவிட விசேஷமாக, அடிக்கும் சட்டங்களின் முகத்தில் ரப்பர் பொருத்தியிருந்தார்கள். இரும்பு அடிப்பதற்குப் பதிலாக ரப்பர் தேய்த்தது. பெரும் பண்ணைக்கென்று பிறந்த யந்திரத்தைச் சிறு குடியானவனின் நிலத்துக்கும், கோதுமைக்கென்று பிறந்த உருளையை மொச்சைக்கும் பணியவைத்த அந்தச் சாமர்த்தியம் கொங்கு நாட்டு யந்திரத் தொழிலாளிகளுக்குப் பாடமாக வைக்கத்தக்கது. பம்பு செட்டும் மோட்டாரும் செய்து இந்தியா முழுவதற்கும் அனுப்பிய கோயம்புத்தூருக்கு, ரப்பர் முகம் வைத்த சட்டம் ஒன்றை வார்த்துப் பொருத்துவது பெரிய காரியமா?

இரண்டாவது முறை, பயிரை உருளையின் அச்சுக்கு இணையாக ஓட்டுவது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பிலிப்பைன்ஸ் தீவுகளில் 1970களில் வடிவமைத்து ஆசிய நாடுகளில் பரப்பிய கதிரடிப்பான் இவ்வகையைச் சேர்ந்தது. அதே பத்தாண்டில் அமெரிக்காவில் நியூ ஹாலந்து கம்பெனி 1975இல் இரட்டை ரோட்டர் (இவ்வகை நீண்ட உருளை) யந்திரத்தையும், இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி 1977இல் ஒற்றை ரோட்டர் யந்திரத்தையும் சந்தைக்குக் கொண்டுவந்தன. இங்கே பயிர் ஒரு நுனியில் நுழைந்து, நீண்ட உருளையைத் திருகுபோலப் பலமுறை சுற்றிக்கொண்டு மறுநுனியில் வெளியேறுகிறது. ஒரே கணத்தில் முடியவேண்டிய வேலை பல சுற்றுகளில் பங்கிடப்படுகிறது. நெற்று நெற்றோடும் மணி மணியோடும் உரசித் திறந்துகொள்ளுகிறது. திறந்த மணி மையவிலக்கு விசையால் உடனுக்குடன் சல்லடை வழியே வெளியே தள்ளப்படுவதால் மறு அடிக்கு அகப்படாமல் தப்புகிறது. நம் முன்னோர் களத்தில் பயிரைப் பரப்பித் தாம்பு ஓட்டியபோது மாட்டின் குளம்பு செய்ததும் இதுவே: வேகம் குறைவு, தேய்ப்பு அதிகம், நேரம் நீளம். கொள்ளும் அவரையும் துவரையும் அக்களங்களில் பருப்பாகப் பிளக்காமல் முழுசாக வந்ததற்குக் காரணம் அந்த நிதானம்.

இரு முறைகளையும் ஒப்பிட்டு நடந்த பரிசோதனைகளுள், இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து நியூபெரி, பால்சன், நேவ் என்ற மூவர் சோயாவை வைத்து நடத்தி 1980இல் வெளியிட்டது குறிப்பிடத்தக்கது. ஒற்றை ரோட்டர், இரட்டை ரோட்டர், பழைய குறுக்கு உருளை ஆகியவற்றை வைத்து அவர்கள் கண்டது இரண்டு உண்மைகள். உருளையின் விளிம்பு வேகம் ஏற ஏற எல்லா வகை யந்திரத்திலும் பிளவுபட்ட விதை அதிகரித்தது. ஒத்த வேகத்தில் ரோட்டர் வகைகள் குறுக்கு உருளையைவிடக் குறைவாகவே பிளந்தன. யந்திரம் விற்போர் இரண்டாவதை மட்டும் எடுத்துச் சொல்லுவார்கள். விவசாயிக்கு முதலாவதே முக்கியம். ஏனெனில் அது யந்திரத்தின் பெயரைப் பொறுத்ததன்று, ஓட்டுகிறவரின் கையைப் பொறுத்தது.

இங்கே ‘சுற்று’ என்ற சொல்லால் நேரும் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது அவசியம். விதைக்கென்று அடிக்கும் சோயாவுக்கு உருளையை நிமிஷத்துக்கு 350 முதல் 400 சுற்றுக்குள் வைக்கவேண்டும் என்று இந்தூரில் உள்ள சோயா ஆராய்ச்சி நிலையத்தின் வழிகாட்டுதலில் சொல்லப்படுகிறது. நல்ல வழிகாட்டுதல், ஆனால் உருளையின் விட்டம் தெரியாமல் சுற்றை மட்டும் பின்பற்றினால் பயன் குறையும். விதையை உடைப்பது உருளையின் விளிம்பு எவ்வளவு வேகமாக வந்து மோதுகிறது என்பதே. 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளை 400 சுற்றுச் சுற்றினால் அதன் விளிம்பு விநாடிக்கு ஏறக்குறைய 12.5 மீட்டர் வேகத்தில் செல்லும். 40 சென்டிமீட்டர் உருளை அதே விளிம்பு வேகத்தை அடைய 600 சுற்று வேண்டும். முதல் உருளையையே நெல்லுக்கு ஓட்டுவதுபோல் 800 சுற்றில் விட்டால் விளிம்பு வேகம் 25 மீட்டராகிறது. வேகம் இருமடங்கானால் மோதலின் சக்தி நான்கு மடங்காகும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்த பௌதிகம். நெல் வயலிலிருந்து நேராகச் சோயாக் காட்டுக்குள் இறங்கி, உருளையின் வேகத்தை நிர்ணயிக்கும் புல்லியை மாற்றாமல் ஓட்டப்படும் யந்திரம் ஒவ்வொரு விதையின் மேலும் நான்கு மடங்கு அடியைப் போடுகிறது. அதன் உள்ளே இருப்பது ரோட்டரா, குறுக்கு உருளையா என்ற விசாரமெல்லாம் அதன் பிறகு பயனற்றது.

வேகத்துக்கு அடுத்தபடி ஈரம். 13 முதல் 15 சதவிகிதம் ஈரத்தில் சோயாவை அடிப்பது உத்தமம். 12க்குக் கீழே காய்ந்தால் கண்ணாடித் தன்மை ஏறிப் பிளக்கிறது. 18க்கு மேல் நின்றால் பிளக்காமல் கன்றுகிறது. இந்த எல்லை ஒரே நாளுக்குள் தாண்டப்படுகிறது என்பதுதான் தொல்லை. புரட்டாசியில் விதைத்து மார்கழியில் அறுக்கும் பயிரில் காலைப் பனி உலர ஒன்பது பத்து மணி ஆகும். அப்பொழுது நெற்று தோல்போல் வளைந்து திறக்க மறுக்கும். உச்சிவெயிலில் அதே நெற்று தொட்டால் வெடிக்கும். காலையில் வைத்த வேகத்தையும் இடைவெளியையும் மாலைவரை மாற்றாதவர், முற்பகலில் நெற்றோடு மணியை வெளியே எறிந்தும், பிற்பகலில் மணியைப் பிளந்தும், இரண்டு விதத்திலும் நஷ்டம் செய்கிறார். அமெரிக்கப் பண்ணைகளில் ஓட்டுநர் இருக்கையிலிருந்தே வேகத்தையும் சல்லடை இடைவெளியையும் மாற்றும் வசதி வந்து நெடுங்காலமாயிற்று. நம் பக்கம் வாடகைக்கு வரும் வண்டிகளிலோ பெரும்பாலும் புல்லியைக் கழற்றி மாற்றினால்தான் வேகம் மாறும். மணிக்கணக்கில் வாடகை ஓடும்போது அதைச் செய்ய எவருக்கும் மனம் வருவதில்லை.

நம் பக்கம் வரும் வண்டிகள் எவை? சக்கரத்தில் ஓடும் பெரிய ‘டயர் வண்டி’ ஒன்று. இரப்பர்ப் பட்டையில் ஊரும் ‘பெல்ட் வண்டி’ மற்றொன்று. முதலாவது பஞ்சாபில் கோதுமைக்கென்று வளர்ந்தது. ஸ்வராஜ், பிரீத், கர்தார் போன்ற பெயர்களில் நாடெங்கும் சுற்றுகிறது. 14 அடி அகலம் வெட்டும். உள்ளே இருப்பது பெரும்பாலும் குறுக்கு உருளையும் உதறித் தட்டும். மால்வாவின் பரந்த கரிசல் வெளிகளில் சோயாவை இன்று அறுப்பது இவ்வகைதான். இரண்டாவது வகையில் கிளாஸ் கம்பெனியின் ‘கிராப் டைகர்’, குபோட்டா முதலியன அடங்கும். சேற்று வயலில் புதையாமல் நெல் அறுக்கப் பிறந்த இவை காவிரிப் படுகையிலும், கோபிசெட்டிபாளையத்துத் தடப்பள்ளி வாய்க்கால் வயல்களிலும், கீழ்பவானிப் பாசனத்திலும் பழக்கமானவை. இவற்றின் உள்ளே பயிர் அச்சுவாட்டில் ஓடுகிறது. கிராப் டைகரில் முதலில் ஒரு குறுக்கு உருளையும் அடுத்து ஓர் அச்சு உருளையும் சேர்ந்து வேலை செய்கின்றன. சோயாவுக்கு வேண்டிய மென்மையான அமைப்பு, யாரும் சோயாவை நினைத்து வாங்காத நெல் வண்டிக்குள் ஏற்கெனவே நம் ஊரில் இருக்கிறது என்பது நமக்கு வாய்த்த அனுகூலம்.

ஆனால் அதில் ஒரு குறையும் உண்டு. பெல்ட் வண்டிகளின் உருளையில் வழக்கமாக இருப்பவை முளைபோல் நீட்டிய இரும்புப் பற்கள். ஈர வைக்கோலைக் கிழித்துக்கொண்டு செல்ல அவை மிக ஏற்றவை. காய்ந்த சோயாத் தண்டில் அவை கூர்மையான அடியைக் கொடுக்கின்றன, தண்டையும் பொடிப்பொடியாக்குகின்றன. பொடிந்த தண்டு மணியோடு சேர்ந்து சல்லடையில் இறங்கி அதை அடைக்கிறது. அடைபட்ட மணி திருப்பி உருளைக்கே அனுப்பப்பட்டு மறு அடி வாங்குகிறது. ஆகவே பெல்ட் வண்டியைச் சோயாவுக்குக் கொண்டுவருகிறவர் மூன்றைச் செய்யவேண்டும்: புல்லியை மாற்றி விளிம்பு வேகத்தை நெல் வேகத்தில் பாதியளவுக்குக் குறைத்தல், சல்லடை இடைவெளியை அகலப்படுத்தல், பற்களில் சிலவற்றைக் கழற்றுதல், இயலுமானால் அவற்றினிடத்தில் தேய்க்கும் சட்டங்களைப் பொருத்துதல். ஜப்பானில் பெயர்பெற்ற, கதிரின் தலையை மட்டும் உருளைக்குள் நீட்டி வைக்கோலை முழுசாக வெளியே விடும் யந்திரம் இங்கு உதவாது. நெல்லில் மணி தலையில் இருக்கிறது, சோயாவில் நெற்று அடிமுதல் நுனிவரை தண்டெங்கும் இருக்கிறது.

அடிமுதல் என்று சொன்னது வெறும் வார்த்தையன்று. சோயாவின் முதல் நெற்று சில ரகங்களில் தரையிலிருந்து நான்கு விரல் உயரத்திலேயே தொங்குகிறது. கத்தி அதற்கு மேலே ஓடினால் அந்த நெற்றுகள் நிலத்தோடு போயின. யந்திர அறுவடையில் உதிர்ந்து வீணாகும் மணியில் பெரும்பங்கு கத்தியருகிலேயே வீணாகிறது, உருளையில் வீணாவது சிறு பங்கே என்பது பல தேசங்களில் கண்ட அனுபவம். எனவே அளவு நஷ்டத்துக்குக் கத்தியும், குண நஷ்டத்துக்கு உருளையும் பொறுப்பாளிகள் என்று பிரித்து வைத்துக்கொண்டால் குழப்பம் இராது. அளவு நஷ்டத்தை அறிய எளிய வழி உண்டு: வண்டி சென்ற இடத்தில் ஒரு சதுர மீட்டர் அளந்து, கிடக்கும் மணியை எண்ணுக. நூறு மணி 12 கிராம் எடையுள்ள ரகத்தில், சதுர மீட்டருக்கு 40 மணி கிடந்தால் ஏக்கருக்கு 19 கிலோ நிலத்தில் கிடக்கிறது என்று கணக்கு.

கத்தியைத் தாழ்த்தலாமே எனில், நம் நிலத்தின் சுபாவம் குறுக்கே வருகிறது. பாத்தியும் பாரும் பிடித்த தோட்டம், சரளையும் சுக்கான் கல்லும் புரளும் செம்மண் காடு, இவற்றில் தரையை ஒட்டி ஓடும் கத்தி கல்லை அள்ளும். அள்ளிய கல் உருளைக்குள் போனால் சட்டமும் சல்லடையும் சேதமாகும். நிலத்தின் மேடு பள்ளத்துக்கேற்ப வளைந்து கொடுக்கும் கத்தி மேனாட்டுச் சோயா யந்திரங்களில் உண்டு. நம் வண்டிகளில் காண்பது அரிது. அதுவரையில் விவசாயி செய்யக்கூடியது, சோயா விதைக்கும் நிலத்தைப் பாரில்லாமல் சமமாக்கிப் பரம்படித்து வைப்பதும், கல் பொறுக்குவதும். அறுவடையின் வெற்றி விதைக்கும் நாளிலேயே பாதி நிச்சயமாகிவிடுகிறது.

வண்டி காட்டுக்கு வந்து சேர்வதே தனிக் கதை. கிளுவை வேலி இருபுறமும் நெருங்கிய இட்டேரி வழியாக 14 அடிக் கத்தி நுழையாது. கழற்றித் தனி வண்டியில் கொண்டுவந்து மாட்டினாலும், இரண்டு ஏக்கர் தோட்டத்தில் அது திரும்புவதற்குள் வரப்புப் பயிர் மிதிபட்டுப் போகும். மால்வாவில் சிக்கனமான வண்டி காங்கயத்திலும் குண்டடத்திலும் சிக்கனமாகாது. பெல்ட் வண்டியின் வெட்டும் அகலம் ஆறேழு அடி. லாரியிலிருந்து இறக்கினால் இட்டேரியில் சிரமமின்றிப் போகும். ஆக, உருளையின் மென்மை, வண்டியின் அளவு, ஊரில் ஏற்கெனவே கிடைப்பது என்ற மூன்று காரணங்களும் அச்சுவாட்டு உருளை பொருந்திய பெல்ட் வண்டியையே சுட்டுகின்றன. பெரிய அமெரிக்க ரோட்டர் யந்திரங்கள் குணத்தில் எவ்வளவு உயர்ந்தவையானாலும் நம் நிலத்துக்கு இப்போது சம்பந்தமற்றவை.

எனினும் எல்லாச் சோயாவையும் ஒரே கண்ணால் பார்க்கக்கூடாது. எண்ணெய் ஆலைக்கும் தீவனத்துக்கும் போகும் சோயாவில் சிறிது பிளவு இருப்பதால் பெரிய கேடில்லை. ஆலையில் எப்படியும் அது உடைக்கப்பட்டே எண்ணெய் எடுக்கப்படுகிறது. நெடுநாள் இருப்பு வைத்தால் மாத்திரம் பிளந்த பருப்பில் எண்ணெய் காற்றுப் பட்டுக் கெட்டு, அமிலத் தன்மை ஏறும். ஆதலால் தீவனச் சோயாவுக்கு டயர் வண்டி, பெல்ட் வண்டி எது கிடைத்தாலும் வேகத்தைக் குறைத்து ஓட்டிச் சீக்கிரம் விற்றுவிடுவதே போதுமானது. விதைச் சோயாவின் தர்மம் வேறு. அதற்கென ஒதுக்கிய பாத்தியைக் கையால் அறுத்துக் களத்தில் உலர்த்தி, பல பயிருக்கும் பொதுவான கதிரடிப்பானில் குறைந்த சுற்றில் அடிப்பதே இன்றைய நிலையில் உத்தமம் என்பது என் முடிவு. ஓர் ஏக்கருக்கு 30 கிலோ விதை என்று வைத்துக்கொண்டால், ஐந்து ஏக்கர்க்காரருக்கு வேண்டிய 150 கிலோவைச் சிறு துண்டு நிலமே தந்துவிடும். அந்த அளவுக்கு வேண்டிய ஆளைத் திருப்பூர் வண்டிகள் ஏற்றிச் சென்றபின்னும் வீட்டில் எஞ்சியிருப்பவர்களே ஈடுசெய்யலாம்.

அடிபட்ட விதையை அறியச் செலவில்லாத பரிசோதனை ஒன்று உலகெங்கும் வழக்கத்தில் உள்ளது. கடையில் விற்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் வெளுப்புத் திரவத்தில் சிறிதளவை நிறைய நீரில் கலந்து, நூறு முழு விதையை அதில் பத்து நிமிஷம் ஊறவைத்தால், தோல் வெடித்த விதைகள் இருமடங்கு மும்மடங்காக உப்பிவிடும், பழுதற்றவை அப்படியே கிடக்கும். நூற்றுக்குப் பத்துக்கு மேல் உப்பினால் உருளையின் வேகத்தைக் குறைக்கவேண்டும். ஆய்வுக்கூடங்களில் பெரிக் குளோரைடு கரைசலில் இட்டு, காயமுற்ற இடம் கறுப்பதைக் கொண்டு கண்டுபிடிப்பதும் உண்டு. உள்ளே கன்றியதை இவை காட்டமாட்டா. அதற்கு முளைப்புப் பரிசோதனையே வேண்டும். ஆயினும் வண்டி காட்டில் நிற்கும்போதே, மூட்டை கட்டும் முன்பே, தவறைத் திருத்திக்கொள்ள இவ்வளவு கைக்கெட்டிய வழி வேறில்லை.

பல்கலைக்கழகத்துக்கும் வேளாண்மைப் பொறியியல் துறைக்கும் ஒரு விண்ணப்பம். துறையின் வாடகை வண்டிகளிலும் தனியார் வண்டிகளிலும் வழங்கும் ஒவ்வொரு மாதிரிக்கும் உருளையின் விட்டம் என்ன, சோயாவுக்கும் உளுந்துக்கும் பச்சைப்பயறுக்கும் எந்தப் புல்லி மாட்டவேண்டும், சல்லடை இடைவெளி எவ்வளவு, காலையில் எப்படி, உச்சியில் எப்படி என்பதைத் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு, வண்டியின் கதவிலேயே ஒட்டிவிடவேண்டும். சோயாவுக்குரிய புல்லி ஒன்றை வண்டியோடு சேர்த்தே தரவேண்டும். கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் அந்தப் புல்லியும் ரப்பர் முகச் சட்டமும் வார்ப்பதற்கு ஆகும் செலவு, ஒரு கிராமத்தின் விதை ஒரு பட்டம் முளைக்காமற்போவதால் நேரும் நஷ்டத்தின் முன் அற்பம்.

விவசாயிகளிடம் கேட்டுக்கொள்வது இது: வண்டியை வாடகைக்குப் பேசும்போது மணிக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள், நெல் புல்லியை மாற்றிக்கொண்டு வருவீர்களா என்றும் கேளுங்கள். முதல் சால் முடிந்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி, தரையில் கிடக்கும் மணியை எண்ணிப் பாருங்கள், தொட்டியிலிருந்து நூறு விதையை எடுத்து ஊறவைத்துப் பாருங்கள். அந்தக் கால்மணி நேரத்துக்கு உரிய வாடகையை மனமுவந்து கொடுங்கள்.